கலியாணசுந்தரன் பேரிங் கழற்றிய படலம்

வாழ்க கலியாணசுந்தரன்! சினவேழத்தின் பெயரைச் சூடிய காஜா பேராங் வீதியின் செம்மலே, அரசாங்கக் கோப்புகளைப் பதினோராண்டு புரட்டிப் புரட்டி விரல்ரேகை தேய்ந்த கிராணிக் குலக் கொழுந்தே, எப்பகைக்கும் புறமுதுகிடாத ஏந்தலே (எப்பகையும் இதுவரை வந்ததில்லை என்பது வேறு கதை), நின் வெற்றியை எம் சிறு நாவால் அளக்கப் புகுந்தோம். யானைமுகத்தோனே, காத்தருள்க. மற்றத் தெய்வங்களை யாம் அழைக்கவில்லை. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, அவரவர்க்கு அவரவர் கோயிலில் வேலை இருக்கும்.

மலாயா தன் கொடியைத் தானே ஏற்றிக்கொண்டு இரண்டு திங்கள் நிறையாத காலம் அது. நம் வீரனுக்கு எதிரே நின்ற மாற்றான் தேரும் கரியும் உடையவன் அல்லன். கட்டைவிரல் நகத்தளவே ஆன எஃகு வளையம். வயிற்றுக்குள் ஏழு குண்டுமணிகள். பேரிங் என்பது அவன் திருநாமம். தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் பக்கத்தகட்டிலே, பின்வாசல் இல்லாத பித்தளைக் குழிக்குள் அவன் குந்தியிருந்தான். பின்னாலிருந்து தட்ட வழியில்லை, முன்னாலிருந்து பற்ற விளிம்பில்லை. அவன் சுழலாவிடில் ரீல் சுழலாது, ரீல் சுழலாவிடில் கலியாணசுந்தரனுக்கு மானமில்லை.

ஏனெனில் ரீல் அவனுடையதன்று. இல்லாள் கோகிலாவின் தமையன், சிரம்பான் நகர் மாணிக்கவாசகம் இரவல் தந்தது. நான்காண்டுக்கு முன் திருமணப் பந்தலில் அணைந்துபோன காஸ் விளக்கைத் தானே ஏற்றுவேன் என்று எழுந்த மாப்பிள்ளை, பந்தலின் தோரணத்தையும் சேர்த்து ஏற்றிவிட, முந்நூறு பேர் முன்னிலையில் மைத்துனர் ஒரே ஒரு வாக்கியம் மொழிந்தார்: "மாப்பிள்ளை, இனிமே நீங்க எதையும் தொடாதீங்க." அன்று முதல் அக்குடும்பத்தில் எவரும் அவன் கையில் ஒரு பூட்டுச்சாவியைக்கூடத் தந்ததில்லை. வெளியே சிரித்துக்கொள்வான், உள்ளே அது முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது. இவ்வாண்டுதான் மனமிரங்கி, அல்லது மறந்துபோய், அவர் அந்த ரீலைத் தந்தார். இன்று பன்னிரண்டு மணி பஸ்ஸில் தங்கைக்குத் தீபாவளிச் சீரோடு வருகிறவர், போகும்போது ரீலையும் எடுத்துக்கொண்டு போவார்.

தந்த பொருளை நம் தலைவன் எப்படிப் போற்றினான் என்பதையும் உலகம் அறிய வேண்டும். கிளேபாங் கடலில் நான்கு கெளுத்தியும் ஒரு பழைய செருப்பும் பிடித்துத் திரும்பியவன், ஆயுத பூஜையன்று அலுவலகப் பேனாவுக்கும் கோகிலாவின் அரிவாள்மணைக்கும் நடுவே அதனை வீற்றிருக்கச் செய்தான். பிறர் பொருளுக்குக் குறைவைக்கலாகாதென்று திருகாணிகளை நீக்கி, உள்ளுறுப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சந்தனம் அப்பினான். பேரிங்குக்குச் சற்றுத் தாராளமாகவே அப்பினான். உழைக்கிறவனுக்கு முதல் மரியாதை. பூஜை முடிந்து பூட்டியதோடு சரி, அதன்பின் ரீல் அசையவில்லை. கடலுப்பின் துரு என்று முடிவுகட்டினான் கலியாணசுந்தரன். இனிப் போர்.

காலை எட்டு மணிக்கு, பின்கட்டுப் பலகைமேல் பகைவனைக் கிடத்தி, முதற்கண் தேங்காயெண்ணெய்க் கணையை ஏவினான். எண்ணெய் குழியை நிறைத்து, வழிந்து, வேட்டியை வென்றது, பேரிங் வெல்லப்படவில்லை. அடுத்து மண்ணெண்ணெய்ப் பாணம். வீடெங்கும் நாறியது, கூடத்தில் அதிரசம் தட்டிக்கொண்டிருந்த கோகிலா இருமினாள், பகைவன் இருமவுமில்லை. திருப்புளி என்னும் வேலை விளிம்பில் செருகி நெம்பினான். வேலின் முனை வளைந்து வீரனையே பார்த்தது. கொண்டையூசி ஒன்று களப்பலி ஆயிற்று. கரண்டிக்காம்பு ஒன்று தன் கரண்டியைப் பிரிந்தது. ஒன்பதரை மணியளவில், சீர்வரிசையாய் வந்த வெண்கலப் பாக்குவெட்டியைக் கோகிலா அறியாமல் கவர்ந்து வந்து, அதன் இரு அலகால் வளையத்தைக் கவ்வி, இருகாலும் சுவரில் ஊன்றி, குலதெய்வத்தின் பெயரை உரக்கக் கூவி இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான், பாக்குவெட்டி வழுக்கியபோது மல்லாந்து போய்க் கோழிக்கூண்டின்மேல் சாய்ந்தான். கோழிகள் வெற்றிமுரசு கொட்டின. யாருடைய வெற்றி என்பதை அவை சொல்லவில்லை.

பத்தரை மணிக்கு அவன் சுத்தியலை எடுத்தான். அதுதான் கடைசி ஆயுதம் என்பதை அவனும் அறிவான். அடித்தால் பித்தளைக் குழி பிளக்கும். பிளந்தால் பேரிங் வரும், மானம் போகும். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தோரணம் எரிந்த நெடி நான்காண்டு கழித்து மறுபடி மூக்கில் ஏறியது. கண்கள் கலங்கின; மண்ணெண்ணெயால் என்று எழுதி மறைக்க யாம் விரும்பவில்லை.

அவ்வமயம் வேலிக்கு அப்பால் ஒரு தலை தோன்றிற்று. பல தலைமுறைக்கு முன்பே தமிழ் மறந்த குலத்தார் வாழும் கம்போங் செட்டியின் சைக்கிள் வித்தகர், நாவில் மலாயும் நெற்றியில் மாறாத திருநீறுமாய் வாழும் தம்பிராஜா அவர். தமிழில் உறவுப் பெயர்களும் பூஜைச் சாமான்களும் தவிர ஒரு சொல் அறியார். இரும்பின் இதயமோ அவருக்கு உள்ளங்கை நெல்லி. வேலியைக் கடந்து வந்து, சுத்தியலை மெல்ல வாங்கிக் கீழே வைத்து, தகட்டை எடுத்துப் பார்த்தார். விரல்நகத்தால் குழியின் ஓரத்தைச் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். பின்பு, வீட்டில் மூத்தவர் இளையவரைப் பார்ப்பதுபோல் நம் வீரனை நெடுநேரம் பார்த்து அருளிச்செய்தார்:

"தம்பி, இனி புக்கான் காராட். இனி சந்தனம்."

அம்மலாய் மொழியின் பொருள்: இது துருவன்று, சந்தனம். எண்ணெய்க்கும் இரும்புக்கும் அஞ்சாமல் காலையெல்லாம் கோட்டை காத்து நின்றது, நம் தலைவன் தன் கையால் அப்பிய பக்தியே. அது காய்ந்து கல்லாகிக் கிடந்தது. கூடத்து வாசலில் நின்று இதைக் கேட்ட கோகிலா களத்தில் இறங்கினாள். முதலில் தன் பாக்குவெட்டியைப் பொறுக்கி முந்தானையில் துடைத்தாள். பிறகு உள்ளே போய், அண்ணன் காப்பிக்கென்று கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் பாதியை ஒரு கோப்பையில் கொண்டுவந்து, தகட்டை எடுத்து உள்ளே போட்டாள்.

கால் மணி நேரம் மூவரும் கோப்பையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். நீர் பால்நிறம் கொண்டது. பின்கட்டே கோயில் கருவறையாய் மணத்தது. தம்பிராஜா தகட்டை எடுத்துப் பலகைமேல் கவிழ்த்து, முட்டை உடைப்பதுபோல் இரண்டே இரண்டு தட்டு தட்டினார். எக்கணைக்கும் காலையெல்லாம் கட்டுப்படாதிருந்த பேரிங், கூச்சப்பட்ட மருமகளைப்போல் ஓசையின்றி வெளியே வந்தது. கலியாணசுந்தரன் அதனை உள்ளங்கையில் ஏந்தினான், துடைத்தான், உலர்த்தினான், ஒரே ஒரு சொட்டு எண்ணெயிட்டுப் பூட்டினான். கைப்பிடியைச் சுழற்ற, ரீல் வண்டாய் ரீங்கரித்தது. அந்த ஒலியைக் கேட்ட மகிழ்ச்சியில் அவன் தம்பிராஜாவைக் கட்டிக்கொண்டான். அவர் சட்டையும் மண்ணெண்ணெய் நாறியது.

பன்னிரண்டேகாலுக்கு வந்தார் மாணிக்கவாசகம். சீர்த்தட்டைத் தங்கையிடம் தந்து, காப்பி ஏன் அரைக் கோப்பை என்று கேட்காமல் குடித்துவிட்டு, ரீலைக் கையில் வாங்கினார். சுழற்றினார். மீண்டும் சுழற்றினார். ஏழுலகும் மூச்சடக்கி நின்றன. அவர் மூக்கு விரிந்தது.

"சந்தனம் மணக்குதே மாப்பிள்ளை?"

"ஆயுத பூஜையில வச்சேன், மச்சான்," என்றான் தலைவன். அதற்குமேல் உண்மை உரைக்கும் கடப்பாடு காவியத் தலைவர்க்கு இல்லை.

மைத்துனரின் முகம் இளகிற்று. தன் பொருளைத் தெய்வத்தின்முன் வைத்த கையை அவர் முதன்முறையாய் உற்று நோக்கினார். நான்காண்டுப் பனி கரைந்தது. முந்நூறு பேர் முன்னிலையில் மொழிந்த சொல் மூவர் முன்னிலையில் மாய்ந்தது. அவர் தம் இடக்கை மணிக்கட்டிலிருந்து, கொடியேற்றத்தன்று நள்ளிரவுக் கூட்ட நெரிசலில் நின்றுபோன தங்கமுலாம் கடிகாரத்தைக் கழற்றி, இரு கையாலும் நீட்டி மொழிந்தார்: "இதையும் கொஞ்சம் பாருங்க மாப்பிள்ளை. அடுத்த மாசம் வந்து வாங்கிக்கிறேன்." திசை எட்டும் அதிர, சினவேழ வீதி சிலிர்க்க, கலியாணசுந்தரன் தன் வெற்றிக்கரத்தை விண்ணளாவ நீட்டினான்.

கோகிலா குறுக்கே வந்து கடிகாரத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.