பதினான்கு பொட்டலங்களும் மாமாவின் ஹெர்னியாவும்

தப்பை மறைத்து மாட்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறைய. ஒழுங்காகச் செய்த வேலையை மறைத்து மாட்டிக்கொண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

தாராவியில் ஒரு சட்டைப் பட்டறையில் ஆறு வருஷம் இஸ்திரி போட்டேன். அங்கே படித்த பாடம் ஒன்றே ஒன்று. துணி கருகினால் சேட் பார்ப்பதற்குள் மறைத்துவிடு. நெஞ்சில் கருகினால் மேலே ஒரு பையைத் தைத்துவிடுவோம். (அப்போது இரண்டு பை வைத்த சட்டை வாங்கியவர்கள் என்னை மன்னிக்கவும்.)

பிறகு மாமா சிபாரிசு பிடித்து என்னைச் செம்பூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். ஆட்டோகிளேவ் வேலை. ஆபரேஷன் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, டேப் ஒட்டி, ராட்சசக் குக்கர் மாதிரி ஓர் எந்திரத்தில் வைத்து நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவன் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தான், பாதி நேரம் போனில் பேசிக்கொண்டே. தண்ணீர், கதவு, அழுத்தம் காட்டும் முள், நேரம் எல்லாம் சொன்னான். டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. (நன்றாக இருக்கட்டும். தூரமாக.)

மூன்றாம் நாள் நான் தனியாள். அன்றைக்கென்று மாமாவுக்கே அங்கே ஹெர்னியா ஆபரேஷன். "எம் மருமவன் வேவிச்ச கத்திதான் எனக்கு" என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

நேரம் முடிந்து கதவைத் திறந்தேன். பதினான்கு பொட்டலத்திலும் வெளுப்பாக ஒட்டிய டேப்பில் கன்னங்கரேலென்று கோடுகள். கருக்கிவிட்டேன்! யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் வேலை தெரியாதவன் என்பார்கள். (வேறென்ன?) பதினான்கு டேப்பையும் உரித்துப் புதிதாக ஒட்டித் தியேட்டருக்கு அனுப்பினேன்.

ஐந்தே நிமிடத்தில் சிஸ்டர் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார். செம்பூரில் பிறந்த தமிழச்சி. கோபம் வந்தால் இந்தி.

"ஒண்ணுகூட ஸ்டெரைல் ஆகல. மெஷின் போட்டியா இல்லியா?"

"போட்டேன் சிஸ்டர்."

"ஜூட் மத் போல்! பொய் சொல்லாத! டாக்டர் கையக் கழுவிட்டு நிக்கிறாரு. திரும்பப் போடு."

மறுபடி ஒரு மணி நேரம். தியேட்டர் வாசலிலிருந்து மாமாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "ஏலே மருமவனே! ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல. கத்திய வேவிக்கியா, பிரியாணிக்குத் தம் போடுதியா?"

இந்த முறை இன்னும் கறுப்பாக இருந்தது. கை தானாக உரிக்கப் போனது. பின்னால் சிஸ்டர்.

"ஏன் உரிக்கிற?"

"கருகிப்போச்சு சிஸ்டர். போன தடவையும் கருகிச்சு. மறைச்சிட்டேன்."

சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட பைத்தியமே! நீராவி ஒழுங்காப் பட்டாத்தான் அது கறுக்கும். கறுக்கலன்னா நாங்க பொட்டலத்தத் தொடவே மாட்டோம்!"

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். டாக்டர்தான் காப்பாற்றினார். "இருக்கட்டும். இனி செத்தாலும் இவன் டேப்பை மறக்க மாட்டான்."

மறக்கவில்லை. மாமா மறக்க விட்டால்தானே? என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த பரிசுப் பெட்டியில் அதே டேப், கோடு கறுக்காமல் வெள்ளையாக. கீழே தமிழில் எழுதியிருந்தார்: "மாப்பிள்ளை இன்னும் வேகவில்லை."

என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். நான் கத்தி முடித்து, முகம் கறுத்து, மூலையில் உட்கார்ந்ததும் மகளிடம் சொல்வாள்:

"கோடு கறுத்துட்டு. இனி அப்பாவத் தொடலாம், போ."