தலைவர அடிச்சா ஒண்ணும் ஆகாது

கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவர்கள் ஒரு வகை, ஆடாதவர்கள் ஒரு வகை, அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? மூன்றாவது வகை ஒன்று உண்டு. ஆடுகிறவனுடைய நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, அதன் முதுகில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, அவனுடைய காதோரம் மூச்சுவிட்டுக்கொண்டே, "அங்கிட்டுப் போ, இங்கிட்டுத் திரும்பு, அவன அடி, எவன அடிக்கிற, அந்தா அவன" என்று வேலை வாங்கும் வகை. மவுசைத் தொடமாட்டார்கள். நீட்டினாலும் வாங்கமாட்டார்கள். கை ஈரமாயிருக்கிறது என்பார்கள். தேயிலை மலையில் யாருடைய கைதான் காய்ந்திருக்கிறது?

இந்த வகைக்கு ஒரு நல்ல மாதிரி, இரண்டாயிரத்து நான்காம் ஆண்டில் தலவாக்கலையில் இருந்தார். பெயர் செல்லசாமி. வயது இருபத்தெட்டு. தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளித்து, தலையை நடுவில் வகிடெடுத்து, குணரத்தினம் சேரின் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்துவிடுவார். படிக்க அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்துக்கொண்டிருந்த அந்த சேருக்கு ஒரே ஒரு பலவீனம். வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளை இரண்டு மணித்தியாலம் கேம் ஆட விடுவார். செல்லசாமி வருவது அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு.

அவர் பிடித்த நாற்காலி லோஜனுடையது.

லோஜனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தை ஏற்கெனவே விட்டாயிற்று. வருகிற திங்கட்கிழமை கொழும்புக்குப் போய்ப் புடவைக்கடையில் நிற்கவேண்டும். மூன்று மாதமாக, சனிக்கிழமை சனிக்கிழமையாக, ஒரே கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தான். வாள், கோட்டை, காடு, ஒரு வீரர் சங்கம், அந்தச் சங்கத்துக்கு ஒரு தாடிக்காரத் தலைவர். எல்லாம் இங்கிலீஷ். லோஜனுக்கு 'யெஸ்' தெரியும், 'நோ' தெரியும். செல்லசாமிக்கு மருந்துக் கேனில் இருக்கிற பெயர்கள் தெரியும். ஆனாலும் இரண்டு பேருக்கும் கதை விளங்கிவிட்டது. காலையில் எல்லோரும் போய்த் தாடிக்காரர் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள், அவர் ஆளுக்கொரு வேலை சொல்லி அனுப்புகிறார். இது தோட்டத்துக் காலைப் பெரட்டு இல்லாமல் வேறென்ன?

விளங்காத ஒன்றைக் குணரத்தினம் சேர் வாசித்துச் சொல்லியிருந்தார். "இன்னும் ஒரு வேலைதான் கிடக்கு தம்பி. அதைச் செய்து முடிச்சீர் எண்டா இந்த மனுசன் துறைமுகத்துப் பூட்டின்ர திறப்பைத் தருவார். பிறகு கப்பல்தான்."

லோஜன் கடலைப் பார்த்ததில்லை. கொழும்புக்குப் போவதற்குள் அந்தக் கப்பலில் ஏறிவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுடைய ஆசை. அதற்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை தாடிக்காரர் சொன்ன கடைசி வேலை, சேர் வாசித்துச் சொன்னபடி, நாற்பது கட்டு மூலிகை பறித்துக்கொண்டு வருவது.

செல்லசாமிக்குச் சுருக்கென்றது. "நாப்பது கட்டு பறிக்கணுமாம்ல. கொழுந்து பறிக்கிறதுக்கு நமக்கு மலை இல்லையா? அதையும் உக்காந்துகிட்டே சொல்றான் பாரு. அடிடா அவன."

"அண்ணே, திறப்பு அவர்கிட்டதான் இருக்கு."

"தலைவர அடிச்சா ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன்ல. தலைவர் போனா அடுத்த ஆளு தலைவரு. அடுத்த ஆளு யாரு? நீதான். திறப்பு தானா உங்கிட்ட வந்துரும்."

இவர் சொன்னால் நடக்குமா என்று கேட்கிறீர்கள். முந்தின வருடம், தோட்டத்து லயம் வீடுகளுக்குத் தலைவராயிருந்த வீரய்யாவை இறக்கவேண்டும் என்று கோயில் வாசலில் நின்று முதல் குரல் கொடுத்தவர் செல்லசாமிதான். இறக்கினார்கள். அதற்குப் பிறகு தோட்டத்துத் துரையின் ஆபீசுக்குக் கடிதம் எழுதிக்கொண்டுபோக ஆள் இல்லாமல் ஒன்பது மாதமாகக் கூரைத் தகரம் மாற்றவில்லை. அதிகமாக ஒழுகுவது செல்லசாமி வீட்டில். அவரைக் கேட்டால், சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டே, ஒண்ணும் ஆகல என்பார்.

லோஜன் அடித்தான். தாடிக்காரர் நாற்காலியிலிருந்து விழுந்தார். கோட்டையில் எங்கோ மணி அடித்தது.

"சாவுச் சேதி சொல்றாங்க" என்றார் செல்லசாமி. அடுத்த மூச்சிலேயே, "சேவ் பண்ணு, சேவ் பண்ணு, மழை இருட்டிக்கிட்டு வருது, கரண்ட் போயிரும்" என்றார். லோஜன் சேவ் பண்ணினான். வழக்கம்போலப் பழையதன் மேலேயே பண்ணினான். ரெண்டு மூணு வச்சாக் கொழம்பிரும் என்று சொல்லிக் கொடுத்திருந்தவரும் இவர்தான்.

பிறகு சங்கம் முழுவதும் வாளை உருவிக்கொண்டு வந்தது. நேற்றுவரை குதிரைக்குப் புல் கொடுத்தவன் வந்தான். சமையல்காரி அகப்பையோடு வந்தாள். லோஜன் விழுந்தடித்து ஓடி வைக்கோல் கொட்டிலில் ஒளிந்துகொண்டான்.

செல்லசாமி அசரவில்லை. "துக்கத்துல இருக்காங்கடா. அப்படித்தான் இருப்பாங்க. பதினாறு முடியட்டும். கருமாதி பண்ணி, கூட்டம் போட்டு, புதுத் தலைவர் தெரிவு நடக்கும். அதுக்கு முன்னாடி போய் நின்னா மரியாதையா இருக்காது."

அந்தக் கேமில் தூங்குவதற்கு ஒரு பட்டன் உண்டு. ஒரு தரம் அழுத்தினால் ஒரு நாள். லோஜன் பதினாறு தரம் அழுத்தினான். செல்லசாமி விரல்விட்டு எண்ணினார். பதினாறாம் நாள் காலை, வாளை உறையில் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவனைப் போல மெதுவாக நடந்து, லோஜன் மண்டபத்துக்குள் போனான்.

தாடிக்காரர் விழுந்த இடத்திலேயே கிடந்தார்.

"அடப்பாவிகளா" என்றார் செல்லசாமி, உண்மையாகவே மனம் நொந்து. "இன்னும் எடுக்கலையே. அதான் கோவம். தூக்க ஆள் இல்ல போல. நீ ஒரு கை பிடி."

லோஜன் ஒரு கை பிடிக்கப் போனான். சமையல்காரி அகப்பையால் அடித்துச் சாய்த்துவிட்டாள்.

சத்தம் கேட்டு வந்த குணரத்தினம் சேர், கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "ஆர் தம்பி இந்த மனுசனைச் சாக்காட்டினது?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். சேர் கீழே இருந்த எழுத்தை வாசித்தார். "சங்கத்தில உமக்கு இனி இடமில்லை எண்டு போட்டிருக்கு. கண்ட இடத்தில வெட்டச் சொல்லியும் போட்டிருக்கு."

"திறப்பு, சேர்?"

"அதைத் தாற மனுசன்தானே உதில கிடக்கிறார்."

"புதுத் தலைவர் வருவாருங்களா சேர்?" என்று கேட்டது செல்லசாமி.

"இதில அப்பிடி ஒண்டும் இல்லை. பழைய சேவும் அழிஞ்சிட்டுது, திரும்பிப் போகேலாது."

"பத்துச்சீட்டு கிழிச்சிட்டாங்க" என்றான் லோஜன். தோட்டத்தில் பேர் வெட்டி அனுப்பும்போது கையில் கொடுக்கிற சீட்டு அது. அவனுடைய தாத்தாவுக்கு ஒரு தரம் கிடைத்தது.

இந்த இடத்தில் இந்த வகைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "நான் அப்பவே சொன்னேன்." செல்லசாமியும் அதற்கு வாயைத் திறந்துவிட்டார். ஆனால் மூன்று மாதமாக அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது லோஜனுடைய பிடரி ஒன்றுதான். அந்தப் பிடரி அன்றைக்கு ஒரு தரம் விம்மித் தாழ்ந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். முழங்கையையும் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் புறப்படுகிற நேரம், செல்லசாமி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தார். மருந்து டாங்கி இன்னும் முதுகில் இருந்தது.

"நேத்து சேர்கிட்டக் கேட்டு நான் ஒண்ணு புதுசா ஆரம்பிச்சேன்டா. நீ தீவாளிக்கு வர்றப்ப அந்த மூலிகை எடத்துல கொண்டாந்து நிறுத்தி வச்சிருப்பேன். நீ வந்து கப்பல் ஏறு."

"நீங்களாண்ணே? மவுசப் பிடிச்சீங்களா?"

"பிடிச்சேன். மொத அறைய விட்டு வெளிய வர முடியல. எல்லாப் பக்கமும் சுவரா இருக்கு."

ரயில் நகர்ந்தது. லோஜன் ஜன்னல் கட்டையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, உடம்பில் பாதியை வெளியே நீட்டினான். "சுவர் இல்லண்ணே, கதவு. இடப்பக்கம் திரும்புங்க. இடப்பக்கம். அங்க ஒரு பொட்டி இருக்கும், அதத் தொறங்க. மூலிகை பறிக்கச் சொன்னா வாய மூடிட்டுப் பறிங்க. தலைவர மட்டும்..."

மிச்சம் ரயிலோடு வட்டகொடைப் பக்கம் போய்விட்டது.

பார்த்தீர்களா, எவ்வளவு லேசாகத் தொற்றிவிடுகிறது. சரி, உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். சேவ் பண்ணினார்கள் என்று மேலே வாசித்தபோது, "மடையா, பழசின் மேல் பண்ணாதே, வேறொன்றாகப் பண்ணு" என்று உங்கள் வாயில் வந்ததா? வந்திருந்தால், தயவுசெய்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். காதில் மூச்சுப் படுகிறது.