வரச் சொன்னால் வராத வலிப்பு

ஆலங்குடாவில் இருக்கும் அன்பும் மரியாதையும் நிறைந்த என் கூடப்பிறந்த ராத்தா சித்திமரியம் அவர்களுக்கு, கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்திலிருந்து தம்பி ஹயாத்து முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் என் மகள் ஷஸ்னா இங்கே நல்ல சுகம். அளவுக்கு மீறிய சுகம். அந்த முறைப்பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், நானும் பாதியில் வைத்துவிடுவேன். ஆகவே சாப்பாடு கொண்டுவந்துவிட்டு இன்றைக்கே ஊர் திரும்பும் உங்கள் கணவர் சுஹைர் மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ராத்தா, ஷஸ்னாவுக்கு வலிப்பு வரக்கூடாது என்று உங்கள் வீட்டில் பெண்கள் கூடித் தினமும் யாசீன் ஓதுகிறீர்களாம். அந்தத் துஆவை அல்லாஹ் ஏற்றுக் கபூலாக்கிவிட்டான். அதுதான் இப்போது பிரச்சினை. தயவுசெய்து நாளை வரைக்கும் நிறுத்துங்கள்.

கோபிக்க வேண்டாம், விஷயத்தைக் கேளுங்கள். இது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மருந்து தோற்றாலும் வழி அடைபடவில்லையாம். வெளிநாடுகளில் மண்டையைப் பெரிதாகத் திறக்காமல், நூல் மாதிரி ஒன்றை உள்ளே விட்டு, வலிப்புப் பிறக்கும் இடத்தை மட்டும் லேசர் சூட்டில் பொசுக்குகிறார்களாம். வலிப்பு கிளம்பும்போதே பிடித்து அமத்துகிற சின்ன மெஷினையும் தலைக்குள் வைக்கிறார்களாம். இங்கே ஒப்பரேஷன் செய்வதென்றாலும் சரி, அங்கே அனுப்புவதென்றாலும் சரி, அது மூளையின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பிள்ளைக்கு வலிப்பு வர வேண்டும், கமராவுக்கு முன்னால் வர வேண்டும். தலை நிறைய வயரை ஒட்டி, மருந்தையும் குறைத்துவிட்டு, வா வா என்று காத்திருக்கிறோம்.

வருதில்லை ராத்தா! கூப்பிடாத இடத்துக்கெல்லாம் வந்தது. பெருநாள் தொழுகைக்கு வந்தது, உங்கட மகன் றிப்னாஸ்ட கலியாணத்தில சாப்பாட்டுச் சஹன் தட்டுக்கு முன்னால வந்தது, வள்ளத்தில வந்து என்னையும் சேர்த்துக் கடல்ல தள்ளப் பார்த்தது. இங்க டொக்டர்மார் காத்துக்கொண்டு நிற்க, பெண் பார்க்க வந்த ஆக்களுக்கு முன்னால அறையை விட்டு வராத குமர் மாதிரி அடம் பிடிக்குது. முதல் நாள் வயரைக் கண்டு என் மனைவி ஜுனைதாதான் மயங்கி விழுந்தா. நர்ஸ் மிஸ்ஸிமார் "வந்திட்டுது" என்று சந்தோஷமா ஓடி வந்து, ஆள் மாறிப் போனது தெரிஞ்சு முகம் சுருங்கிப் போனாங்க. பிள்ளையை நித்திரை கொள்ள விட்டால் வலிப்பு வராதாம், கதை சொல்லி முழிக்க வைக்கிறது என்ட வேலை. நான் குறட்டை விட, பிள்ளை என்னைத் தட்டி, "வாப்பா, அந்தச் சுறாவுக்குப் பிறகு என்ன நடந்திச்சு?" என்று கேட்குது. மௌலவிக்குப் போன் எடுத்து, நோயை வரச் சொல்லித் துஆக் கேட்கலாமா என்று கேட்டேன். மனுஷன் கேள்வியை ரெண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தார். பிறகு, "சுகத்தைக் கேளுங்க, வழியை அவன்ட கையில விடுங்க" என்றார். நல்ல பதில்தான். ஆனா நாளைக்குப் பின்னேரம் கட்டிலை விட வேணுமே!

வெளியில் வேறு பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தவறினால் அடுத்த தவணை எப்போது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அதுவரைக்கும் என் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல், விழுந்து விழுந்து எழும்பி, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மறந்துபோய் நிற்கும். போன மாதம் உங்கட பெயர் வாயில் வராமல் அழுதாளே, ஞாபகமா? நேற்று என்னைப் பார்த்து, "வாப்பா, எனக்கு வருதில்லையே, டொக்டர் ஏசுவாங்களா?" என்று கேட்டாள். நோய் வரவில்லை என்று ஒரு பிள்ளை பயப்படுகிறதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சு ராத்தா.

ஆகவே ஒரே ஒரு தரம், லேசாக வந்துவிட்டுப் போகட்டும் என்று துஆவை மாற்றிக் கேளுங்கள். மருமக்களுக்கு என் முத்தங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஷஸ்னாவுக்கென்று நீங்கள் அனுப்பிய கருவாட்டுப் பொரியலை நான்தான் சாப்பிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
ஹயாத்து முகம்மது

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது வந்துவிட்டது. வந்தால் பட்டனை அமத்திவிட்டு ஒதுங்கி நில்லுங்கள், கமராவை மறைக்க வேண்டாம் என்று மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தா. நான் பாய்ந்துபோய்ப் பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வயர் பாதி கழன்றுவிட்டது. கமராவில் விழுந்தது முழுக்க என் முதுகுதான். எந்தக் கை முதலில் இழுத்தது என்று டொக்டர் கேட்டார். எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, யா அல்லாஹ், இது இனி வரவே கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிட்டுப் பழைய துஆவையே ஓதுங்கள்.

கண் திறந்ததும், "வந்திச்சா வாப்பா? நான் சரியாச் செஞ்சேனா?" என்று கேட்டாள். "ஓம் மகள், வடிவாச் செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. என்னை வெளியில் நிறுத்திவிட்டு வேறு ஆளைக் கூப்பிடச் சொல்கிறார்கள். அவளுக்கு வரும்போது ஓடிப்போய்ப் பிடிக்காமல், ஒதுங்கி நின்று பார்க்கக்கூடிய ஆள் நம்மட குடும்பத்தில் யாராவது இருந்தால் நாளைக் காலை பஸ்ஸில் அனுப்பி வையுங்கள். எனக்கு ஒருத்தரும் ஞாபகத்துக்கு வரவில்லை.