காணாமல் போன நடு அடுக்கு

மரவள்ளிக்கிழங்கு நிரம்பிய அந்தச் சில்வர் ஏனத்தின் பக்கத்தில் 'வினிபிரட்' என்று பெயர் வெட்டியிருந்தது. அது இருந்த பாயில் உட்கார்ந்திருந்தவருக்கோ கட்டை மீசை. அவர் பெயர் வினிபிரட்டாக இருக்க வழியே இல்லை.

றிச்சர்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சந்தேகமே இல்லை. அவருடைய மனைவியின் மூன்றடுக்குச் சாப்பாட்டு ரிபன் கரியரில் இருபத்தாறு வருடமாகக் காணாமல் போயிருந்த நடு அடுக்கு, கசூரினாக் கடற்கரையில், அடுத்த பாயில், வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

மாமியார் கலியாணத்துக்குக் கொடுத்த கரியர் அது. றிச்சர்ட் தபால் கந்தோர் வேலைக்குச் சோறு கொண்டுபோனதும் அதில்தான். ஒருநாள் நடு அடுக்கைக் காணவில்லை. நீங்கள்தான் எங்கையோ துலைச்சுப்போட்டியள் என்றாள் வினிபிரட். முதல் வருடம் அவர் இல்லவே இல்லை என்று சாதித்தார். இரண்டாம் வருடம் இருக்கலாம் என்றார். மூன்றாம் வருடம், காங்கேசன்துறை பஸ்ஸின் பின் சீற்றில் அதை வைத்துவிட்டு இறங்கியது அவருக்கே தெளிவாக ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு மழை தூறியதுகூட. மாமியாரிடம் மன்னிப்பும் கேட்டார். மருமகன் நல்லவர், ஆனால் ஒரு ஏனத்தை நம்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லிச் சொல்லியே அந்த மனுசி கண்ணை மூடியது.

இன்றைக்கு அதை மீட்டு, ஒரு நாளாவது வினிபிரட் முன்னால் நிமிர்ந்து நிற்க வேண்டும். நல்லவேளையாக அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் இறங்கியிருந்தாள். அலை காலில் பட்டால் அவளுக்கு வயது பத்துத்தான்.

ஆனால் முன்பின் தெரியாத மனிதரிடம் போய், பஸ்ஸில் கிடந்ததை எடுத்தீரோ என்று கேட்க முடியுமா? றிச்சர்ட் மரியாதைக்காரர். வேறு வழி யோசித்தார். சாப்பாடு கொடுத்தால் பதிலுக்குச் சாப்பாடு வரும். அது ஏதாவது ஓர் ஏனத்தில்தானே வரவேண்டும்?

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டிக் கொண்டுபோய் நீட்டினார். மீசைக்காரருக்கு ஒரே சந்தோசம். தன் பெயர் கனிசியஸ், மயிலிட்டிக்காரன், கனகாலம் மன்னாரில் தொழில் செய்துவிட்டு இப்போதுதான் ஊரோடு வந்ததாகச் சொன்னார். மனைவி கடலில் குளிக்கிறாளாம். பதிலுக்கு வடை வந்தது. பேப்பரில் சுற்றி வந்தது.

அடுத்ததாக நண்டுக்கறி, கரியரின் மேல் அடுக்கோடு போனது. அதே அடுக்கைக் கழுவித் துடைத்து, பொரித்த மீன் நிரப்பி, கனிசியஸ் கையோடு கொடுத்துவிட்டார்.

கிழங்கு இருக்கும்வரை நடு அடுக்கு அசையாது என்று அப்போதுதான் றிச்சர்ட்டுக்கு விளங்கியது. கிழங்கும் எடுங்கோ என்று கனிசியஸ் உபசரித்த உபசாரத்தைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாயிலேயே இருந்துவிட்டார். டொக்டர் கிழங்குப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். றிச்சர்ட் போனார். சம்பலைத் தொட்டுத் தொட்டு ஒன்பது துண்டு சாப்பிட்டார். பத்தாவது துண்டில் மூச்சு முட்டியது.

கனிசியஸின் முகம் இளகிப்போயிற்று. "அண்ணை, வீட்டிலை சமைச்சுத் தர ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம் தம்பி," என்றார் றிச்சர்ட், வாய் நிறையக் கிழங்கோடு.

கடைசித் துண்டும் இறங்கியதும், ஏனத்தைக் கழுவித் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு தன் பாய்க்கு விரைந்தார். மேலும் கீழும் அடுக்கை வைத்துக் கொளுவியை இழுத்தார். டக்கென்று பூட்டியது. இத்தனை வருடமும் கயிறு போட்டுக் கட்டிய கரியர். றிச்சர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிமிர்ந்தபோது வினிபிரட் நனைந்த சேலையோடு வந்துகொண்டிருந்தாள். அவள் கையில் இன்னொரு பெண்ணின் கை. இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். கூடப் படித்த ஜொய்சியாம். புரட்டஸ்தாந்து வேதக்கார வீட்டுப் பிள்ளை, கத்தோலிக்கப் பெடியனோடு ஓடிப்போய்க் கலியாணம் செய்தாள் என்று இருபத்தாறு வருடத்துக்கு முன்னர் ஊரே கதவைச் சாத்திய அதே ஜொய்சி. அந்த வீட்டுக்கு ஒரு வாய் சோறும் போகக்கூடாது என்று முதலில் சட்டம் போட்டவர் றிச்சர்ட்டின் மாமியார்தான். மாப்பிள்ளையை றிச்சர்ட் கண்டதே இல்லை.

பின்னால் கனிசியஸும் வந்துவிட்டார். வினிபிரட்டைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

றிச்சர்ட் எதையும் கவனிக்கவில்லை. கரியரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். "இஞ்சை பார் வினி. நான் பஸ்ஸிலை விட்ட அடுக்கு. நானே தேடிப் பிடிச்சிட்டன்."

வினிபிரட் திடீரென்று கடலைப் பார்க்கத் தொடங்கினாள்.

"பஸ்ஸிலையோ?" என்றார் கனிசியஸ். "அக்கா தன்ரை அம்மாவுக்குத் தெரியாமல் எங்களுக்குச் சோறு கொண்டந்து தந்த ஏனமெல்லே அண்ணை உது. திருப்பித் தரவேண்டாம், அவர் துலைச்சதெண்டு சொல்லுறன், கொஞ்ச நாளிலை அவரே நம்பிப்போடுவார் எண்டு அக்கா அப்பவே சொன்னவ."