ஏகமனதாக நிறைவேறிய சூப்

இனி இந்த வீட்டில் சமையலைப் பற்றி ஒரு புலம்பலும் எழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கும்போது தலைவர் இப்படித் தீர்மானித்தார். ஆலை மூடி, அவர் நடத்திய தொழிற்சங்கமும் கலைந்த பிறகு, அவரைத் தலைவர் என்று அழைக்க மிஞ்சியவர்கள் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் மனைவியும்தான். மனைவி அழைப்பதில் மரியாதை எவ்வளவு என்று அவர் ஆராய்ந்ததில்லை.

தையல்காரம்மா தன் கடையில் சாயங்கால வேலைக்கு ஆள் தேடினாள். மனைவிக்குப் போக ஆசை. அவள் போனால் இரவுச் சமையல் தன் தலையில் விழும் என்பது தலைவருக்குத் தெரியாதா?

"பகல் பூரா அடுப்படியில நிக்கிறேன். ஒரு வேளையாவது நீங்க பாத்துக்கக் கூடாதா?"

"நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? ஆலை வாசல்ல நின்னவன் நான். தடியடிக்கு நடுவுல!"

"அங்க பாத்திரம் கழுவச் சொன்னாங்களா?"

"நேத்து மிஞ்சின கோழி எலும்பு இருக்கில்ல? நானே சூப் வைக்கிறேன். நல்லா வந்தா, அலுப்புன்னு நீ வாயே திறக்கக் கூடாது."

"சரிங்க."

எந்த நிர்வாகமும் அவரிடம் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதில்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

எலும்பு, அதில் ஒட்டிய சதை, பாதி கேரட், வாடிய வெங்காயம், மிளகு. எஞ்சியதைக் கொண்டு எழுச்சி உண்டாக்குவது அவருக்குப் பழக்கம்தான். தீயைக் குறைத்துவைத்துக் காத்திருந்தார். வாசனை தெருவைத் தாண்டியது.

வேலைநிறுத்தக் காலத்துப் பொதுச் சமையலில் தோழர்கள் அவருக்குத் தந்த ஒரே பொறுப்பு, வெந்த உருளைக்கிழங்கை வடிப்பது. அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. கழுவும் தொட்டியில் வடிகட்டி இருந்தது. பானையை ஒரே மூச்சில் அதில் கவிழ்த்தார். எலும்பெல்லாம் பத்திரமாக நின்றது. சூப்?

வடிகட்டியைத் தூக்கினார். அடியில் ஒரு பாத்திரம், அது நிறைய சூப். மனைவி முதுகைக் காட்டியபடி மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். பாத்திரத்தை வைத்தது தான்தான் என்று தலைவர் அந்த நிமிஷமே நம்பத் தொடங்கிவிட்டார்.

ருசி பார்க்கத் தையல்காரம்மாவையும் கூப்பிட்டாள் மனைவி.

"பிரமாதம் தலைவரே! ரொம்பக் கஷ்டப்பட்டீங்களோ?"

"கஷ்டமா? கண்ணை மூடிக்கிட்டே செய்யலாம். தினமும் செய்யலாம்!"

"தினமுமா?" என்றாள் மனைவி.

"தினமும்!" மேசையில் ஓங்கிக் குத்தினார். கரண்டிகள் துள்ளின.

"அக்கா, நீங்கதான் சாட்சி. நாளையிலேர்ந்து கடைக்கு வர்றேன். ராத்திரிச் சமையல் இவருக்குக் கஷ்டமே இல்லையாம்."

தலைவர் வாய் திறந்தார். கஷ்டம் என்றால், அவள் இத்தனை நாள் சொன்னது உண்மையாகிவிடும். சுலபம் என்றால், அடுப்படி அவருடையதாகிவிடும். எத்தனையோ முதலாளிகளை இப்படி மூலையில் நிறுத்தியவர் அவர். மூலைக்குள் நின்று பார்த்தது இன்றுதான்.

"ஆட்சேபணை உண்டா தலைவரே?" என்றாள் மனைவி.

கோப்பையைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். ஆலை வாசலே அதிரக் கோஷம் போட்ட அந்தக் குரல், மெல்லக் கேட்டது:

"நாளைக்கு என்ன சமைக்கிறது?"