ஐந்தாம் வகுப்பில் நான் ஓடவிட்ட பத்மா நதி

சால்ட் லேக், கல்கத்தா
5.9.1997, இரவு

அன்புள்ள ஜெயலக்ஷ்மி அத்தைக்கு, உங்கள் தம்பி பெண் தீப்தி அநேக நமஸ்காரங்களுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, அஷ்வத் மூவரும் நலமாகத் தூங்குகிறார்கள். அங்கே உங்கள் நலத்தையும் மாமாவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். கொசுவலைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்துதான் கோணல், கருத்து கோணல் இல்லை.

ஒரே ஓர் உதவி. அப்பா ஃபோன் செய்து, "அக்கா, இவளை உன்கிட்ட விட்டுப் படிக்க வைக்கட்டுமா?" என்று கேட்டால், வீட்டில் இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வீடு பெரியது என்பது அப்பாவுக்குத் தெரியும், ஆனாலும் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து இன்னொரு தடவை கூப்பிட்டால் ஸ்ரீரங்கத்தில் உங்கள் வீடுதான் என்று ஜூலையிலேயே சொல்லிவிட்டார். இன்று கூப்பிட்டுவிட்டார்கள். வரும் வெள்ளிக்கிழமை போக வேண்டும். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆசிரியர் தினத்தன்று எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் புடவை கட்டிக்கொண்டு சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவது வழக்கம். எனக்குக் கிடைத்தது ஐந்தாம் வகுப்பு. புவியியலின் ஐந்து அடிப்படைக் கருத்துகள். மிக நன்றாக நடத்தினேன், பெருமைக்காகச் சொல்லவில்லை. இருப்பிடம் என்றால் எங்கள் வீடு எந்தத் தண்ணீர் டாங்க் பக்கம் என்று ரிக்‌ஷாக்காரருக்குச் சொல்வது. இடத்தின் தன்மை என்றால் கரியாஹாட் கடைத்தெருவில் நடைபாதை இருந்தும், அதிலேயே கடை போட்டிருப்பதால் நடக்க முடியாதது. மனிதனும் சூழலும் என்றால் ஏரியில் மண் கொட்டி சால்ட் லேக் கட்டியது. நகர்வு என்றால் லேக் மார்க்கெட்டுக்குக் கறிவேப்பிலை ரயிலேறி வருவது. நான்கு கருத்து முடிந்தும் வகுப்பில் ஒரு சத்தமில்லை. ஐந்தாவதுதான் வட்டாரம். ஒரே வழக்கம் உள்ளவர்கள் சேர்ந்து வாழும் பகுதி என்று சொன்னால் சின்னக் குழந்தைகளுக்குப் புரியாதே என்று தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இதுதான் பத்மா நதி, தாத்தா ஊர் கிழக்கு வங்காளத்தில் இருந்தவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம் என்றேன். அத்தை, பிரிவினையில் அங்கிருந்து வந்தவர்களுக்கும் இங்கேயே இருந்தவர்களுக்கும் அன்றிலிருந்து ஓயாத போட்டியாம், வங்காளிகளிடம் இதை மட்டும் செய்யக் கூடாதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

"உங்க இறால் மீனே இல்ல, பூச்சி!" என்றது அந்தக் கரை. "உங்க இலிஷ் மீன்ல சதையைவிட முள்ளுதான் ஜாஸ்தி!" என்றது இந்தக் கரை. "போங்கடி, பருப்புல சக்கரை போடறவங்களா!" என்றது மறுபடி அந்தக் கரை. வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத நான் இரண்டு மீனுக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசினேன். அப்போது மௌமிதா என்ற குட்டிப்பெண் என் புடவையைப் பிடித்து, "தீதி, அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம். நான் எங்க நிக்கறது?" என்றாள். "நதியில நில்லு" என்றேன். புவியியல்படி சரிதான். அவள் கோட்டின் மேல் நின்று, அப்பா அம்மா பிரிந்துவிட்டதுபோல் ஓவென்று அழுதாள். அவள் அழுததற்கு எந்தக் கரை காரணம் என்று புதுச் சண்டை கிளம்பியது. கிழக்கிலிருந்து ஒரு டஸ்டர் பறந்தது. மேற்கில் யாரும் அதைப் பிடிக்கவில்லை. ஆசிரியர் தினத்துக்கு சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு உள்ளே வந்த தலைமை ஆசிரியையின் பெட்டிக்குள் போய் விழுந்தது.

"இந்த வகுப்புக்கு யார் டீச்சர்?"

இரண்டு கரையும் சேர்ந்து என்னைக் காட்டின. அன்று அந்த வகுப்பில் இருந்த ஒரே ஒற்றுமை.

"நாங்க அம்பது வருஷமா மூடி வச்சதை நீ ஒரே பீரியட்ல தெறந்துட்டியே! அப்பாவை வரச் சொல்லு."

இதில் என் தவறு எங்கே என்று நீங்களே சொல்லுங்கள். வட்டாரம் என்றால் என்ன என்பதை அந்தக் குழந்தைகள் சாகும்வரை மறக்க மாட்டார்கள். ஆனால் என் சிநேகிதிகள், பூஜை விடுமுறை, எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. என்னை அனுப்பிவிடக் கூடாது அத்தை. அம்மா இருமுகிறாள், டார்ச்சை அணைக்கிறேன். மாமாவுக்கு நமஸ்காரம், உங்கள் ஆசிகளை இங்கேயே அனுப்பவும், அங்கே வந்து வாங்கிக்கொள்ளும்படி வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தீப்தி

பின்குறிப்பு: ஞாயிறு மத்தியானம். பயம் தாங்காமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவே இல்லை. "நானே அந்த அம்மாவைப் பாக்கணும்னு இருந்தேன். உனக்கு டி.சி. வாங்கணும்" என்றார். நான் அழ ஆரம்பித்ததும், "உனக்கு மட்டும் இல்லடி, அஷ்வத்துக்கும்தான்" என்று சட்டைப் பையிலிருந்து ஆர்டரை எடுத்தார். அவருக்குத் திருச்சிக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். ஒரு வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறார். "ஏம்ப்பா சொல்லல?" என்றேன். "உன்கிட்ட சொல்ல பயமா இருந்துது" என்றார். ஆகையால் அத்தை, மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை உங்கள் வீட்டில் இடம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர், ஒரு ஃபிரிட்ஜ். அங்கே பள்ளியில் எந்த ஊர் என்று கேட்டால் கல்கத்தா என்றுதான் சொல்வேன்; அதை மட்டும் யாரும் திருத்தக் கூடாது.