கடுகோடு வந்த சம்பளம்

கல்யாணமான புதிதில் எனக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தென்காசியில் வாத்தியார் வேலை. ஏதோ பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு, மனைவி கோமதிக்குச் சட்டம் போட்டேன். என் சம்பளம் எனக்கு. அவள் சீராகக் கொண்டுவந்த எருமையின் பால் காசு அவளுக்கு. ஒருவர் காசை மற்றவர் தொடக் கூடாது. கோயிலின் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியமே செய்தேன். அவள் காசுக்கென்று பூட்டுப் போட்ட தகரப் பெட்டியும் வாங்கிக் கொடுத்தேன் (என் செலவில்!). அவள் அதில் வளையல்களை வைத்துவிட்டு, காசைக் கடுகு டப்பாவிலேயே போட்டு வந்தாள்.

அந்த வருஷம் சாரலுக்கு மாமனார் ஆலங்குளத்திலிருந்து வந்தார். "குத்தாலச் செலவு பூரா என்னுது. நீங்க மடியில கைய வைக்கப்படாது மாமா" என்று மார்தட்டினேன்.

கோமதியோடு மூவருமாகக் கிளம்பினோம். குற்றால அருவிக்குள் போனபோது என் மடியில் ஐந்து ரூபாய் இருந்தது. வெளியே வந்தபோது மடி மட்டும்தான் இருந்தது. அது எனக்குத் தெரிந்ததோ, பலகாரக் கடையில் மாமனார் நாலாவது தோசை சொன்ன பிறகு. அந்தச் சாரலிலும் எனக்கு வியர்த்தது. மாப்பிள்ளையின் லட்சணம் சாயங்காலத்துக்குள் ஆலங்குளம் முழுக்கத் தெரிந்துவிடுமே!

கை கழுவப் போன கோமதியின் பின்னாலேயே ஓடினேன்.

"ஏட்டி, ஒங்காசு இருக்கா?"

"எங்காசத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணியள்லா?"

"காசத் தொடல. பையை மட்டும் பிடிச்சுக்கிடுதேன்."

இன்னும் கொஞ்சம் கெஞ்ச விட்டிருக்கலாம். விடவில்லை. "போங்க, அப்பா பாக்காவ" என்று சுருக்குப் பையை என் கையில் திணித்தாள். அவள் மேல் எனக்கு அத்தனை பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

சத்தியம் சத்தியம்தானே! காசில் விரல் படாமல், பையை அப்படியே முதலாளியின் மேஜைமேல் கவிழ்த்தேன். ரூபாயும் அணாவுமாக விழுந்தன. கூடவே அரைக்கால்படிக் கடுகு. மேஜையெல்லாம் உருண்டு, மாமனார் காலடி வரை ஓடியது.

மாமனார் கடுகைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மாப்ளே, ஒங்க பள்ளிக்கூடத்துல சம்பளத்தக் கடுகோடயா குடுக்காவ?"

கடையே சிரித்தது. கோமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்த மாதச் சம்பளத்தை நானே கொண்டுபோய்க் கடுகு டப்பாவில் போட்டேன். இன்று என் மகளுக்கும் கல்யாணமாகிவிட்டது. பென்ஷன் வாங்கி வருகிற அன்றைக்கு அவள் இங்கே இருந்தால், வாசலிலேயே நின்று கேட்கிறாள்: "எப்பா, கடுகு வந்துட்டா?"